சிலிண்டருக்குப் பின்னால் ஒரு வால்

சுபஸ்ரீ: அடிக்காத மாமா! கழிய கீழ எறக்கு!

அஜித்: கத்தாதடி... சிலிண்டருக்குப் பின்னாலதான் படுத்துக்கினு இருக்குது. நீ மொதல்ல வாசப்பக்கம் போ.

சுபஸ்ரீ: தலை தெரியுதா?

அஜித்: வாலுதான் தெரியுது. கட்டுவிரியன்டி. வெள்ள வெள்ளையா பட்ட போட்டுக்கினு...

சுபஸ்ரீ: பட்ட வாலு நுனி வரைக்கும் இருக்குதா?

அஜித்: பாம்பாண்ட போயி பட்ட எண்ணச் சொல்றியா?

சுபஸ்ரீ: அங்கியே நின்னு பாரு, ஓரடி முன்னால வைக்காத. நுனி வரைக்கும் இருந்தா கட்டுவிரியன்.

அஜித்: ...நுனியில இல்ல. வாலுப் பக்கம் போவப் போவ மங்கிப் போவுது.

சுபஸ்ரீ: அப்ப தலை வரட்டும். கழுத்தப் பாத்தாதான் முடிவா சொல்ல முடியும்.

அஜித்: கல்வராயன் மலைக்கு பாம்பு, தவள கணக்கெடுக்கப் பத்து நாளு போனதுக்கே வாத்தியாரம்மா ஆயிட்டியா?

சுபஸ்ரீ: பதினாலு தவள, ஒம்பது பாம்பு நேர்ல பாத்து நோட்டுல எழுதி வச்சிருக்கேன். உனுக்கு இன்னா தெரியும்?

அஜித்: சாரையும் நாகமும் பின்னிக்கினு சோடி சேரும். அது தெரியும்.

சுபஸ்ரீ: கிழிஞ்சிது! பின்னிக்கினு ஆடறது ரெண்டு ஆம்பள சாரை. சண்ட போடுதுங்க. ...இது இன்னா, கையெல்லாம் கொசு கடிச்சி வீங்கிக் கெடக்குது?

அஜித்: வுடு... இப்ப கொசு ஒண்ணுதான் கொறச்சல்.

சுபஸ்ரீ: போன வருஷம் குளிக்கற ரூம்ல ஒண்ண அடிச்சியே, அதோட போட்டோவ மலையில கணக்கெடுக்கற சாருக்குக் காட்டினேன்.

அஜித்: இன்னா சொன்னாரு?

சுபஸ்ரீ: ...விஷமே இல்லாததாம். பல்லி புடிக்க வந்திருக்குது.

அஜித்: நீதான "அடி, அடி"ன்னு கத்தின?

சுபஸ்ரீ: நான்தான். தெரியாம கத்திட்டேன்.

அஜித்: அத அடிச்ச பாவந்தான், வயித்துல இருந்தது தங்கலன்னு எங்கம்மா...

சுபஸ்ரீ: அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? வுடு மாமா.

அஜித்: வுட்டுட்டேன்... ஏய், தலை! தலை வருது!

சுபஸ்ரீ: கழுத்தப் பாரு! கழுத்துல இன்னா?

அஜித்: மஞ்சளா ஒரு பட்ட... காலர் வச்சாப்ல. அப்பால ஒண்ணொண்ணா போவுது.

சுபஸ்ரீ: ரெண்டு ரெண்டா இல்லியே? அப்பிடி இருந்தா கட்டுவிரியன்.

அஜித்: இல்ல, ஒண்ணொண்ணுதான்.

சுபஸ்ரீ: அப்பாடா... வெள்ளிக்கோல் வரையன். விஷம் இல்ல.

அஜித்: பேரப் பாரு, புலவரு வச்சாப்ல! நெசமாவே இல்லியா?

சுபஸ்ரீ: நெசமா. அதுக்குன்னு கை வைக்காத. பின்கதவத் தொறந்துட்டு இப்பிடி வா, அதுவா போவும்.

அஜித்: தொறந்துட்டேன்... போவுது... போவுது... கரும்புக்குள்ள எறங்கிடிச்சி!

சுபஸ்ரீ: பத்தாவது பாம்பு! என் நோட்ட எடு மாமா, எழுதணும்.

அஜித்: எந்த... எந்த நோட்டு? அப்பால எழுதிக்கலாம். ஆமா, நாளைக்கு மலைக்கு பைக்ல வேணாம். பஸ்ல போ. நானும் வரேன்.

சுபஸ்ரீ: மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போற கரும்பு லோடு இன்னா ஆவறது?

அஜித்: நான் ஒருத்தன் டிராக்டர் ஓட்டலன்னா மில்லு நின்னுடாது.

சுபஸ்ரீ: இன்னா மாமா ஆச்சி உனுக்கு? வழக்கமா நான் வரதுக்குள்ள ஒரே போடா போட்டுடுவ. இன்னிக்கி தூக்கின கழி தூக்கினபடியே இருந்திச்சி. பயந்துட்டியா?

அஜித்: நீ மட்டும்? ஒரு பாம்புக்காவ இவ்ளோ கெஞ்சுவியா?

சுபஸ்ரீ: பாம்புக்காவ மட்டும் இல்ல மாமா... பொண்டாட்டி மாசமா இருக்கசொல்லோ புருஷன் பாம்ப அடிக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்வாங்கல்ல. எனுக்கு அதுல நம்பிக்க இல்ல. இருந்தாலும்... இந்த வாட்டி மனசு கேக்கல. ஆஸ்பத்திரில பாத்து உறுதி ஆனப்பறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.

அஜித்: உனுக்குத் தெரியாம நானும் உன் பாம்பு நோட்டப் பொரட்டிப் பாத்தேன்... கட்டுவிரியன் பக்கத்துல சொருகி வச்சிருந்தியே ஒரு கார்டு, ரெண்டு கோடு வுழுந்தது... அதப் பாத்து நாலு நாளாவுது. அன்னியிலேர்ந்து ஒரு கொசுவக்கூட அடிக்கலடி நான்.