அக்காவைத் தேட நான் எழுதிய நிரல்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பா இருதயத்திடம் காட்டாதீர்கள். நாளைக் காலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பேச்சுப் போட்டி. ஆசிரியை எழுதிக் கொடுத்த உரை எனக்கு மனப்பாடம். மேடையில் அதைத்தான் பேசுவேன். இது பேச முடியாத உரை. அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

பேரன்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே! சொல்லை நிறுத்துப் பார்க்கும் நடுவர் பெருமக்களே! மணியின்மேல் விரல் வைத்துக் காத்திருக்கும் நேரக் காப்பாளரே! சபைக்கு அழகு சேர்க்கும் பெரியோர்களே! பிள்ளைகள் பேசும்போது உதடு அசைத்துக் கூடவே பேசும் தாய்மார்களே! முன்வரிசையில் சட்டையைத் தேய்த்துப் போட்டு அமர்ந்திருக்கும் என் தந்தையே! நான் உர்சுலா. படிவம் நான்கில் படிக்கும் பதினாறு வயது மாணவி. கணினி நிரல் எழுதத் தெரிந்தவள். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தொழில்நுட்பம் நம்மைக் கெடுக்கிறதா? இதுதானே இன்றைய தலைப்பு? கெடுக்கிறது என்று ஒருவர் முழங்குவார். கைதட்டுவோம். வாழவைக்கிறது என்று இன்னொருவர் முழங்குவார். அதற்கும் கைதட்டுவோம். கைதட்டி முடித்ததும் அதே கைகளால் கைப்பேசியை எடுப்போம்.

எங்கள் அடுக்குமாடியில் கைப்பேசிக்கெல்லாம் நான்தான் மருத்துவர். மூன்றாம் மாடி எவலின் ஆன்டி போன வாரம் வந்தார்.

"பாப்பா, போன் ரொம்ப ஸ்லோ லா. வைரஸா?"

"வைரஸ் இல்ல ஆன்டி. குட் மார்னிங் படம் மட்டும் நாலாயிரம் இருக்கு."

"ஐயோ, மாதா படம்மா அது! அழிச்சா பாவம்!"

போகும்போது என் அம்மாவிடம் அவரே சொன்னார்: "பொண்ணு எந்நேரமும் கேம்லயே இருக்கு. கெட்டுப் போயிரும், பாத்துக்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி இந்த உரையில் சிரிக்க இடமில்லை.

விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறதாம்! கேட்கிறேன், அவையோரே! விளையாட்டு யாருடைய கையையாவது முறுக்கியதா? யாரையாவது முடியைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்து வந்ததா? இல்லை. அதைச் செய்தது ஒரு தகப்பன். அவருக்கு வழி காட்டியது விளையாட்டு இல்லை. நான்.

என் அக்கா செரீனா. வயது இருபத்தொன்று. பங்சாரில் ஒரு துணிக்கடையில் வேலை. போன வருடம் ஒரு நாள் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா வேலை முடிஞ்சு லேட்டா வருது பாப்பா. அப்பாவுக்குப் பயமா இருக்கு. அது எங்க இருக்குன்னு என் போன்ல தெரியுற மாதிரி செய்ய முடியுமா? அதுக்குத் தெரிய வேணாம், கோவப்படும்."

"முடியும்ப்பா."

முடியும்! அந்த ஒரு சொல்லில் எனக்கு எத்தனை பெருமை! இரண்டே நாளில் எழுதி, அக்காவின் கைப்பேசியில் அவளுக்குத் தெரியாமல் போட்டுவிட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்கா இருக்கும் இடம் அப்பாவின் கைப்பேசிக்குப் போகும். அப்பா என் தலையைத் தடவி, கோழி வறுவல் வாங்கிக் கொடுத்தார். அதில் பாதியை அக்காவுக்கும் கொடுத்தேன். அவளும் சாப்பிட்டாள்.

நிரலுக்கு மனம் கிடையாது. சொன்னதைச் செய்யும். ஏன் என்று கேட்காது. ஏன் என்று கேட்க வேண்டியவள் அதை எழுதுகிறவள். நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றியதா? அதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் அப்பா பங்சாருக்குப் போனார். ஓர் உணவகத்தில் அக்கா சிவநேசன் என்பவரோடு உட்கார்ந்திருந்தாள். அவர் நம் சர்ச்சு இல்லை. வீட்டுக்கு வந்தபோது அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. மறுநாள் மாவுக்கட்டு. அதற்கு அடுத்த நாள், கட்டுப் போட்ட கையோடு வீட்டை விட்டுப் போனாள். போகுமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீயாடி எழுதுன?"

தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நானும் அக்காவும் சிறு வயதிலிருந்து ஓர் இணைய விளையாட்டில் சேர்ந்து ஒரு தோட்டம் வைத்திருந்தோம். தக்காளி, பூசணி, நான்கு கோழி. அவள் போன பிறகு எல்லாம் வாடிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் திறந்து பார்க்கிறேன், தக்காளிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்! அன்றிலிருந்து தினமும் அவள் ஊற்றுகிறாள், நான் பறிக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் ஊற்றியிருந்தால் அக்கா உயிரோடு இருக்கிறாள். எனக்கு அது போதும். இதையா, அன்புடையோரே, கெட்டுப் போவது என்கிறீர்கள்?

இன்று சாப்பிடும்போது என் கைப்பேசி ஒலித்தது. அப்பா எடுத்துப் படித்தார்.

"தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சாம். யாரு ஊத்துறா?"

எட்டிப் பிடுங்கப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"கேம்லகூட எந்த ஊர்லேர்ந்து விளையாடுறாங்கன்னு தெரியுமாமே. உனக்குத் தெரியாததா?"

"தெரியாதுப்பா."

"சரி. கென்னத்துக்குத் தெரியும்."

கென்னத் அண்ணன் பக்கத்துத் தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். அப்பா என் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரை அழைத்துவரப் போயிருக்கிறார். அதைத் திறக்க என் விரல் வேண்டும். அதற்குத்தான் இங்கே வருகிறார்கள்.

அப்பா கேள்விப்பட்டது சரிதான். யார் எந்த ஊரிலிருந்து நுழைந்தார்கள் என்று அந்தத் தோட்டத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை. தெரிந்துகொண்டால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் தோட்டம் கைப்பேசிக்குள் மட்டும் இல்லை. இதோ, என் பழைய மடிக்கணினியிலும் திறந்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் அழித்தாலும் முழுத் தோட்டமும் அழியும், அந்தப் பக்கத்தோடு. பிறகு அக்கா எனக்கும் இல்லை.

அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா, தாய்மார்களே? என் நெஞ்சும் அதையேதான் கேட்கிறது. எந்த ஊரில் இருக்கிறாள், பந்திங்கா? கிள்ளானா? கட்டுப் பிரித்த கை நேராக இருக்கிறதா? சாப்பிட்டாளா?

அவையோரே! இருக்கும் இடம் தெரிந்தால் போதும், அதுதான் பாசம் என்று நமக்கு யார் சொன்னது? பிள்ளை எங்கே என்று பார்க்க ஒரு கருவி, மனைவி யாரோடு பேசினாள் என்று பார்க்க ஒரு கருவி! பார்க்கிறோம், பார்க்கிறோம், பார்த்துக்கொண்டே இருக்கிறோம், ஒருவரையாவது கேட்டோமா? அன்று என்னால் முடியும் என்பதற்காகச் செய்தேன். இன்றும் என்னால் முடியும். ஒரே ஒரு சொடுக்கு. செய்யமாட்டேன்! எனக்குத் தெரியாததை யாரும் என்னிடமிருந்து அடித்து வாங்க முடியாது!

"நிச்சயமாக அழிக்கவா? மீட்க முடியாது" என்று திரை கேட்கிறது. நான் எழுதிய நிரல் அக்காவிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அழித்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. எந்த ஊரிலோ இருக்கும் அக்காவே, நாளைக்கு நீ திறந்து பார்க்கும்போது தோட்டம் இருக்காது. நான் கோபத்தில் அழித்ததாக மட்டும் நினைத்துவிடாதே. உனக்கும் இந்த அவைக்கும் என்

கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு பேர் குர