வரிசையின் கடைசியில் நின்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் பயிற்சி நிலையத் தலைவர் அவர்களே, சபைப் போதகர் அவர்களே, துக்கத்தைச் சுமந்து முன்வரிசையில் இருக்கும் சாரின் துணைவியார் திருமதி புஷ்பபாய் அவர்களே, பூவாரிலிருந்தும் காரோட்டிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, என் மாணவிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சுகுமாரி. உதியன்குளங்கரையில் உள்ள இந்த நிலையத்தில் நர்சிங் செய்முறைப் பாடம் எடுப்பவள். அடுத்த அறையில் உடற்கூறும் உடலியங்கியலும் எடுத்தவர்தான் நம் ஆசிரியர் பெருந்தகை சத்தியராஜ் சார். நடுவில் அரைச்சுவர். ஆகவே நரம்பு மண்டலத்தை நான் பரீட்சைக்காக ஒரு தரம் படித்தேன். சுவர் வழியாக வருஷா வருஷம் படித்தேன். சுவர் வழியாகப் படித்ததுதான் மனசில் நின்றது.

இரங்கல் கூட்டத்தில் நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பார்கள். சார் கோபக்காரர். தண்டுவடத்தையும் முதுகெலும்பையும் ஒன்றென்று எழுதியவள்மீது சாக்பீஸ் பறக்கும். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால், இந்தக் கூரைக்கு மேல் இருந்துகூட ஒரு சாக்பீஸ் வந்து விழும் என்று எனக்குப் பயம்.

அவர் நரம்பை எப்படிக் கற்பித்தார்? இங்கே இருக்கும் மாணவிகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவிகள் எல்லோரையும் கைகோத்து வராந்தாவில் வரிசையாக நிறுத்துவார். ஒரு முனையில் நிற்பவள் மூளை. அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மறுமுனையில் சார் தாமே நிற்பார், அவர்தான் விரல். பக்கத்தில் நிற்பவளின் கையை அவர் ஓர் அமுக்கு அமுக்குவார். அவள் அடுத்தவளை அமுக்குவாள். அப்படியே கைமாறிக் கைமாறிப் போய் மூளைக்குச் சேரும். மூளை உடனே, “விரல் தொட்டுது சார்” என்று சொல்ல வேண்டும். மனிதனுக்குள் ஓடுகிற நரம்பெல்லாம் இவ்வளவுதான் மக்களே என்பார்.

அதன்பிறகு ஒரு விளையாட்டுக் காட்டுவார். மூளைக்குத் தெரியாமல் சார் வரிசையை விட்டு விலகிப் போய்விடுவார். நடுவில் நிற்கும் ஒருத்தியைக் கண்காட்டி அமுக்கச் சொல்வார். அப்போதும் மூளை, “விரல் தொட்டுது சார்” என்றுதான் சொல்லும். கண்ணைத் திறந்து பார்த்தால் விரல் இருந்த இடத்தில் ஆள் இல்லை. கை போனவனுக்குக் கை வலிப்பது இப்படித்தான் என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் சிரித்திருக்கிறேன், கிளீட்டஸ் வரும்வரை.

கிளீட்டஸ் பூவார் கரைக்காரர். நங்கூரக் கயிறு வலது கையில் சுற்றி, படகு எஞ்சினின் விசிறி அந்தக் கையை இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டு, எடுத்த கையைத் துணியில் சுற்றி மனைவி ப்ளோரன்சிடம் கொடுத்தார்கள். உடம்பிலிருந்து எது போனாலும் பங்குத் தந்தையைக் கொண்டு மந்திரித்துக் குடும்பக் கல்லறையில் வைக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். கடைசி நாளில் எழுந்து நிற்கும்போது ஆள் முழுசாக நிற்க வேண்டும் அல்லவா? ப்ளோரன்ஸ் வீட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவில் கையை வைத்தார். டப்பா சிறியது. மூடி மூடவில்லை. ஆகவே விரல்களை உள்ளே மடக்கி, அமுக்கி மூடினார். இந்த விவரத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்லவே இல்லை.

ஆனால் இல்லாத அந்தக் கை கிளீட்டசை வதைத்தது. முஷ்டி இறுகிக் கிடக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது, திறக்க முடியவில்லை என்று கதறுவார். கடலுக்குப் போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. முழங்கைவரை வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் மறுத்தபோது, அதை வீட்டிலேயே செய்துகொள்ள வெட்டுகத்தியை எடுத்தார். ப்ளோரன்ஸ் அந்தக் கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டு, வலி ஊசி கேட்டு இங்கே என்னிடம் வந்தார். ஊசியால் ஆகிற காரியம் இல்லை. நான் அவரைச் சாரிடம் அனுப்பினேன்.

சார் கிளீட்டசை வகுப்பில் உட்காரவைத்து, மாணவிகள் முன்னால் பொறுமையாக விளக்கினார். கை அறுபட்ட நேரத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள், மூளை அதையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, மண்ணுக்குள் கிடப்பது வெறும் எலும்பு என்றார். கிளீட்டஸ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “சார் சொல்லுயது செரியாக்கும். ஆனா எனக்க கை அங்க மடங்கியாக்கும் கிடக்குது. ஆரெங்கிலும் போயி ஒண்ணு நிமுத்தி விடணும்.”

அன்றைக்கு ப்ளோரன்ஸ் அழுதுகொண்டே சாரிடம் டப்பா விஷயத்தைச் சொன்னார்.

சார் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கரையில் கல்லறை மண் குறைவு. வருஷங்கள் ஆனால் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து அஸ்திக்குழியில் சேர்ப்பார்கள். அந்த டப்பாவையும் புதைத்திருந்த கிளீட்டசின் அப்பா குழிக்கு முறை வந்திருந்தது. அன்றைக்குத் தானும் வருகிறேன் என்று பங்குத் தந்தையிடம் சார் அனுமதி வாங்கினார். கிளீட்டசுக்கு இது தெரியக்கூடாது, அவர் அந்த நேரத்தில் என் வகுப்பில் இருக்க வேண்டும் என்றார். “டப்பாவைத் திறப்பேன். அங்கே நான் விரலை நிமிர்த்தினாலும் இங்கே ஒன்றும் நடக்காது. அதை அவரிடம் சொன்னால் கல்லறைப் பயம் தீரும். பயம் தீர்ந்தால் பாதி வலி தீரும்.” இதுதான் அவர் போட்ட கணக்கு.

நல்ல வெயில். உச்சிப்பொழுது. நான் கட்டுப்போடும் முறை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்த கிளீட்டஸ் திடீரென்று நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“டீச்சரே, ஆரோ எனக்க சுண்டுவெரல நிமுத்துதாவ.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்பம் அடுத்த வெரலு” என்றார். பிறகு நடுவிரல். பிறகு ஆள்காட்டி விரல். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. “பைய ஆக்கும் செய்யிதாவ. நோவிக்காம செய்யிதாவ” என்றார். பெருவிரல் வந்தபோது மட்டும் பல்லைக் கடித்தார். “இது வராது. ஒட்டிப் பிடிச்சிருக்கு. போதும், விடச் சொல்லுங்க.” சற்று நேரத்தில், “விட்டாச்சு” என்றார். விட்டாச்சு என்றவர் அப்படியே பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனார்.

சார் பஸ்ஸில் திரும்பி வந்தார். செருப்பில் கடற்கரை மணல். என்னைப் பார்த்ததும், “நீங்கள் முதலில் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். சுண்டுவிரலில்தான் அவர் தொடங்கியிருந்தார். துணியும் துருவுமாகப் பெருவிரல் டப்பாவோடு ஒட்டியிருந்தது. உடைந்துவிடுமோ என்று விட்டுவிட்டார். கைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போது கை மட்டும் முந்திக்கொண்டு அஸ்திக்குழிக்குப் போகக்கூடாது என்று, டப்பாவை மதில் ஓரமாகத் திரும்பவும் புதைத்துவிட்டார்களாம்.

அன்பர்களே, பேய்க்கதை பேச இது மேடையா என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சவக்கிடங்கை ஒட்டிய வார்டில் வேலை பார்த்துத் தேய்ந்தவள் நான். பேய்க்கு நான் பயந்தவள் அல்ல. நான் புகழ வந்தது, மறுநாள் சார் வகுப்பில் நின்ற விதத்தை. மாணவி ரெஜிஷா எழுந்து, “அப்பம் பாடம் தப்பா சார்?” என்று கேட்டாள். கோபக்காரர் அல்லவா, சாக்பீஸ் பறக்கும் என்று காத்திருந்தேன். பறக்கவில்லை. “பாடம் சரி. பரீட்சையில் அதையே எழுது. நேற்று நடந்ததும் சரி. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே” என்றார். படித்தவர்களில் எத்தனை பேருக்கு வாய்க்கும் அந்த வார்த்தை? தன் பாடத்தை நம்பிக்கொண்டே, தான் கண்டதையும் மறைக்காமல் நிற்க எத்தனை பேரால் முடியும்?

கிளீட்டஸ் மறுபடி கடலுக்குப் போனார். நான்கு விரல் விட்டது. பெருவிரல் மட்டும் விடவில்லை. மழை கழிந்ததும் போய் அதையும் எடுத்துவிடுகிறேன் என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். துருவை இளக்க ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காயெண்ணெய் எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

மழை கழியவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் போடும்போது சார் புஷ்பபாய் அவர்களைக் கூப்பிட்டு, “வலது பெருவிரல் எனக்குச் சொன்னபடி கேட்கவில்லை. மூளையில் இடது பக்கம்” என்றாராம். அந்த நேரத்திலும் பாடம். அடுத்து நாக்கு குழறியது. வண்டி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே வரும்போது உங்கள் முன் ஒரு சபதம் செய்ய நினைத்துத்தான் வந்தேன். சார் விட்ட வேலையை நான் முடிப்பேன், அந்த எண்ணெயோடு கல்லறைக்குப் போவேன் என்று. பாட்டில் இதோ என் பையில் இருக்கிறது. புஷ்பபாய் அவர்கள் தந்தது. வாசலில் கிளீட்டசைப் பார்த்து இதைச் சொன்னேன்.

அவர் தலையசைத்தார். “வேண்டாம் டீச்சரே. அந்த வெரலு நிமுந்தாச்சு. செவ்வாய்க்கிழமை காலத்த. நான் வள்ளத்தில இருந்தேன். ஆரோ வந்து, பைய, நோவிக்காம நிமுத்தினாவ. சாரு செத்தது கரைக்கு வந்த பிறகாக்கும் எனக்குத் தெரிஞ்சுது.”

அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். அவரை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன்.

ஆக, அந்த வேலை எனக்கு மிச்சமில்லை. பாடம் மிச்சம் இருக்கிறது. தண்டுவடத்தின் பாதியில் சார் நிறுத்தியிருக்கிறார். திங்கட்கிழமை அதை நான் தொடர்வேன் என்று இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். மாணவிகளே, அன்றைக்கு வராந்தாவில் வரிசையாக நில்லுங்கள். மூளையாக நான் நிற்கிறேன், கண்ணை மூடிக்கொள்கிறேன். கடைசியில் சார் நின்ற இடத்தில் யாரும் நிற்க வேண்டாம்; அந்தக் கடைசிப் பிள்ளை ஒரு கையை மட்டும் வெறுமையாக நீட்டிக்கொண்டு நிற்கட்டும். நீங்களாக யாரும் அமுக்கக்கூடாது. அமுக்கு வந்தால் மட்டும் அடுத்தவளுக்குக் கொடுங்கள்.

என் கைக்கு ஏதும் வந்து சேர்ந்தால், சார் கேட்கும்படி அதை நான் சத்தமாகச் சொல்வேன்.