முப்பத்தோராம் நாள் ஸ்டேக்

ஸ்டேக்கை ஏர் ஃப்ரையரில் வைப்பதற்கு முன் டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் எடுப்பதில்லை. ஈரத்தோடு உள்ளே தள்ளி, அவித்த செருப்பு போல ஒன்றை வெளியே எடுத்து, அதையும் படம்பிடித்துப் போட்டு, கீழே 'வேற லெவல்' என்று எழுதிக்கொள்கிறார்கள். இறைச்சியை அரை மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய். இருநூறு டிகிரியில் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். வெந்ததும் ஐந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். இதுதான் கஷ்டம். நம் ஆட்களுக்கு எதையும் தொடாமல் இருக்கத் தெரியாது.

ஸ்கூடாயில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் யுகேந்திரன், புள்ளியியல் இறுதியாண்டு. சாஜித் கட்டடக்கலை படிக்கிறான். அவன் அத்தாவுக்குப் பத்து பாகாட் ஊரில் சாப்பாட்டுக் கடை. ஜீவன் பொறியியல், ரெங்கத்துப் பையன். ஏர் ஃப்ரையர் ஜீவனுடையது.

அவன் அம்மா புஷ்பவள்ளிக்கு இதய வால்வு பழுது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும், அம்மா நல்லபடியாக எழுந்து வர வேண்டும் என்று ஜீவன் தைப்பூசக் காவடிக்கு வேண்டிக்கொண்டான். நாற்பத்தெட்டு நாள் விரதம். எங்கள் வீட்டு வாணலிகள் எல்லாம் கோழியும் கருவாடும் பார்த்தவை. அதனால் தனக்கென்று புதிதாக ஓர் ஏர் ஃப்ரையர் வாங்கினான். மஞ்சள் நீர் தெளித்தான். அந்தப் பெட்டிக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், அந்த இடத்தில் திருநீறால் மூன்று கோடு போட்டான். உத்தரவாத அட்டையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். திருநீறு பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"டேய், உன் மெஷினுக்கு எப்போடா மொட்டை?" என்று சாஜித் கேட்டான்.

"சிரிங்க பாய், சிரிங்க. அத மட்டும் யாரும் தொட்டுடாதீங்க லா, ப்ளீஸ்."

"நான் எதுக்குடா தொடப் போறேன்? என் நோன்புல நீ என் முன்னாடி தண்ணிகூட குடிச்சதில்ல."

அன்றிலிருந்து சாஜித் சமையலறையில் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தான். ஒருவன் நாளைக்குப் பாலம் கட்டப் போகிறவன், இன்னொருவன் அடுக்குமாடி வரையப் போகிறவன். சூடான காற்றை ஊதும் டப்பாவுக்கு இரண்டு பேரும் பயந்தார்கள்.

நான் ஸ்டேக் செய்தது விரதத்தின் முப்பத்தோராம் நாள் மதியம். ஜீவன் பரிசோதனைக் கூடத்தில் இருந்தான். கறியைச் சாஜித் சாப்பிட வேண்டுமே என்று ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்கினேன். பிறர் நம்பிக்கையை மதிப்பது எனக்கு முக்கியம்.

"அலமாக், செம்மடா மச்சான். எதுல சுட்ட?"

"வாணலியில."

"நீ தின்னலையா?"

"மாடு எனக்குச் சேராது."

அது உண்மை. ஒன்பது வருடமாகச் சேரவில்லை.

ஏர் ஃப்ரையரை எலுமிச்சை போட்டுத் தேய்த்து, வாடை போகக் கழுவினேன். திருநீறு கலைந்துவிட்டது. நானே மூன்று கோடு போட்டேன். அவன் போட்டதைவிட நேராக வந்தது. தட்டின் அடியில் உருகி நின்ற கொழுப்பை மட்டும் வீணாக்கவில்லை. ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டேன். ஜீவன் தினமும் காலையில் உருளைக்கிழங்கை வெட்டி, மஞ்சளும் எண்ணெயும் பிசிறி, மூடி வைத்துவிட்டு வகுப்புக்குப் போவான். அதில் தினம் ஒரு தேக்கரண்டி கலந்தேன்.

"மச்சான், ரெண்டு நாளா கெழங்கு சும்மா மணக்குதுடா. முருகன் கண்ணத் தொறந்துட்டாரு போல. இந்தா, ஒண்ணு எடுத்துக்க."

வேண்டாம் என்றேன். அவன் விரதச் சாப்பாட்டில் பங்கு கேட்பது நாகரிகம் இல்லை.

முப்பத்தைந்தாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகவே முடிந்தது. ஜீவன் மருத்துவமனையிலிருந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து என் சட்டையெல்லாம் நனைய அழுதான். எனக்கும் மிகுந்த சந்தோஷம். அவனைவிட எனக்குத்தான் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

ஏனென்றால், பதின்மூன்று வயதில் நானும் இதே விரதம் இருந்திருக்கிறேன். அப்பா தங்கராஜு சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். "நீ சுத்தமா இருந்தா அப்பா எழுந்து வந்துடுவாருய்யா" என்று அம்மா என் கழுத்தில் மாலை போட்டார். முப்பத்தோராம் நாள், பள்ளி விட்டு வரும்போது, முச்சந்தி பர்கர் கடையில் ஒரு மாட்டு பர்கர் தின்றேன். பசி. வேறு காரணம் இல்லை. முப்பத்துமூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். நோய்தான் காரணம் என்று மருத்துவ அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அவ்வப்போது எடுத்துப் படிப்பேன்.

ஆகவே புஷ்பவள்ளி அம்மா கண் விழித்ததும் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். மாட்டுக்கொழுப்பு உள்ளே போனது, நோயாளி பிழைத்தார், ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இல்லை. பிறகுதான் என் சோதனையில் ஓட்டை இருப்பது தெரிந்தது. நான் தெரிந்தே தின்றேன். ஜீவன் தெரியாமல் தின்கிறான். தெரியாமல் செய்ததைச் சாமி மன்னித்துவிட்டது என்று எவனாவது சொல்லலாம். அப்படிப்பட்ட ஆட்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள்.

விரதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. அவன் அம்மா இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருந்தார். சொல்வதற்குச் சரியான நேரம் அது. நேற்று மதியம் ஜீவன் கிழங்கைத் தட்டில் போட்டு, முதல் துண்டைத் தின்றதும் சொன்னேன். எல்லாவற்றையும், பாட்டிலைக் காட்டியே சொன்னேன்.

"எத்தன நாளா?"

"ஏழு."

"ஏன்டா?"

"இதெல்லாம் சும்மான்னு உனக்குக் காட்டத்தான்."

"எங்கம்மாவ வச்சா?"

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற சாஜித் குளியலறைக்குள் போனான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் தின்றது ஒரு வாரத்துக்கு முன்னால், அதுவும் ஹலால். அவனுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஜீவன் ஏர் ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். கார் சாவியை எடுத்தபின் திரும்பிப் பார்த்தான்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத யுகேன். இப்பதான் மூச்சு விடுறாங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன்.

அப்பா, நான் பர்கர் தின்ற இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் போனார். ஜீவனுக்குத் தெரிந்த நேற்றிலிருந்து எண்ணினால், அந்தக் கணக்கில் நாளை காலை ஏழு மணி. அதைத் தாண்டி அந்த அம்மா உயிரோடு இருந்தால், அப்பாவைக் கொன்றது நான் இல்லை. இல்லாவிட்டால் என்ன என்பதை நான் யோசிக்கவில்லை; அதற்கு வாய்ப்பே இல்லை.

மழை வரும்போல் இருந்ததால் இயந்திரத்தை வீட்டுக்குள் எடுத்து வந்துவிட்டேன். நல்ல பொருள். மூன்று கோடும் அழியாமல் இருக்கின்றன. அதை முன்னால் வைத்துக்கொண்டு, கைப்பேசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பசிக்கவில்லை, அவ்வளவுதான்.