சுவரில் இரண்டாவது ஆணி

கொப்பி திருத்தும்போது நான் வானொலிகூடப் போடுவதில்லை. பிள்ளைகளின் எழுத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த மரியாதையைக் கொடுத்து வருகிறேன். விசாரணைக்கு வந்திருக்கும் உங்களிடம் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, ஐயா. இந்த யேசுரட்ணம் ஆசிரியர் கடமையில் அக்கறையற்றவர் என்று மட்டும் உங்கள் அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் முதல் பட்டதாரி நான். வாசிகசாலைச் சுவரில் பட்டமளிப்பு அங்கியோடு என் படம் மட்டுமே தொங்குகிறது. அதன் கீழே நின்றும் மேடைகளில் ஏறியும் ஒரே கேள்வியைத்தான் முழங்கினேன்: கூரை ஒழுகும் லயத்து வீட்டில் படித்த பிள்ளையையும், கொழும்பில் மூன்று டியூஷனுக்குப் போன பிள்ளையையும் ஒரே பரீட்சைப் புள்ளியால் அளப்பது நீதியா? அதையே துண்டுப்பிரசுரமாக அச்சடித்து ஹட்டன் பஸ் நிலையம் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆண்டுக்கு ஒரு மலையகப் பிள்ளையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அறக்கட்டளை ஒன்று கடைசியில் இணங்கியது. உயர்தரப் பரீட்சைப் புள்ளிக்குப் பாதி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைக்குக் கால், சொந்தமாக எழுதும் கட்டுரைக்குக் கால் என்று விதி மாறியது. அது என் வெற்றி.

அந்த வெற்றி திறந்த கதவால் நுழைந்தவள் சுலக்ஷனா. கொழுந்து பறிக்கும் காளியாயியின் மகள், என் மாணவி. உள்ளூர்ப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டவள். பரீட்சைக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று தடவையும் எழுதி முடித்துவிட்டதால், அவளுக்கு மிஞ்சியது இந்த ஒரு வழிதான். புள்ளியிலும் தேர்ச்சியிலும் இறுதி இருவரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். மீதியைக் கட்டுரை தீர்மானிக்கும்.

செய்தி வந்த அன்றே கங்காணி மாயாண்டி சுத்தியலோடு வந்து என் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியை அடித்தார்.

"சேரு இத்தன வருசமா ஒத்தையில நின்னு காலு வலிச்சிருக்கும். தொணைக்கு ஆளு வருதுல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடையாள அட்டையோ, வேலை விண்ணப்பமோ, எங்கள் டிவிஷனில் எந்தக் காகிதமும் என் கையால் போனால்தான் விளங்கும் என்பது நம்பிக்கை. காளியாயியும் அப்படித்தான் கட்டுரைக் கொப்பியை எடுத்துக்கொண்டு மகளோடு வந்தாள்.

"சேர், நீங்களே டைப் பண்ணி அனுப்பிருங்க. ஒங்க கைராசி வேணும்."

"அம்மா, நானே டவுனுக்குப் போயி அனுப்பிக்கிறேனே" என்றாள் மகள்.

"சும்மா இருடி. சேர விட ஒனக்குத் தெரிஞ்சு போச்சா?"

அன்று மாலை அதைப் படித்தேன். 'உன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எது?' என்பது தலைப்பு. நான்கு பக்கமும் தாயைப் பற்றியே எழுதியிருந்தாள். எழுத்தறியாத அந்தப் பெண், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் மகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாளாம். குரலை வைத்தே மகளுக்குப் பாடம் விளங்கவில்லை என்று கண்டுபிடித்து, 'திரும்பப் படி' என்பாளாம். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'என் ஆசிரியர்களுக்கும் நன்றி.' ஆசிரியர்கள். ஐந்து ஆண்டுகள் மாலை வகுப்பெடுத்தவன் அந்தக் கும்பலில் எங்கோ நின்றான்.

நான் கோபப்படவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பணிவு கற்றுத்தர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் பழைய துண்டுப்பிரசுரத்தை வரிக்கு வரி தட்டச்சு செய்து, அவள் பெயரிட்டு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, துண்டுப்பிரசுரத்தின் அச்சுப் பிரதியையும் அறக்கட்டளைக்குத் தபாலில் சேர்த்தேன். 'என் எழுத்தை என் மாணவியே களவாடியதை மிகுந்த வேதனையுடன் அறியத்தருகிறேன்' என்று கூடவே ஒரு கடிதம்.

அவளை நீக்கினார்கள். 'நான் எழுதுனது அது இல்ல' என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கொப்பி எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் கொடுத்ததாகச் சொன்னாள். கட்டுரையைத் தட்டச்சாகவே கொண்டுவந்தாள் என்று நான் சொன்னேன். கொப்பியைத் தன் கையாலேயே கொண்டுவந்த காளியாயிகூட என் பேச்சை மறுக்கவில்லை; அதற்குள் இருந்ததும் என் எழுத்துத்தான் என்று நம்பினாள். வாசிகசாலை முன்னால் வைத்து மகளை அறைந்தாள்.

"சோறு போட்ட கையிலயே களவெடுத்தியா? சேரு கால்ல விழு."

விழுந்தாள். மன்னிப்புக் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். கையொப்பம் மட்டும் அவளுடையது. அடுத்த பரிசளிப்பு மேடையில் அவளைப் பகிரங்கமாக மன்னித்தேன். பலத்த கைதட்டல். இப்போது தாயும் மகளும் ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், தனித்தனி நிரையில். அந்த வீட்டில் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. மாயாண்டி ஆணியைப் பிடுங்க வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் பார்த்துத் திருந்தட்டும்.

நீங்கள் தேடும் கொப்பி இதோ, என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது எடுத்துப் படிக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், சிவப்பு மையில் இருபதுக்குப் பதினெட்டு போட்டிருக்கிறேன். நன்றி சொன்ன வரிக்கு மட்டும் இரண்டைக் குறைத்தேன். புள்ளி போடுவதில் நான் எந்தப் பிள்ளைக்கும் வஞ்சகம் செய்ததில்லை, ஐயா.