பூஜையில் இருந்த ஹார்ட் டிஸ்க்

ஆயுத பூஜையன்று மதியம், சேலத்திலிருந்து கோவை போகும் பேருந்து. முன் இருக்கையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், செல்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு வீட்டிலிருந்த மனைவியோடு பேசிக்கொண்டு வந்தார்.

“கம்ப்யூட்டர்ல மெயில் ஃபைலே காணோம்னு காட்டுதுங்க. ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது.”

“நல்லாப் பாரு. அப்பாவோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட் அந்த மெயில்லதான் இருக்குது. நாளைக்கு ஆபரேஷன். டாக்டர் இன்னைக்கே வேணும்ங்கறார். ஸ்கேன் எடுத்த எடமும் லீவு.”

“தேடிட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“பக்கத்துல கறுப்பா ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்குமே, மெயிலெல்லாம் அதுலதான் இருக்குது, வயரு மாட்டியிருக்குதா?”



“அது சாமிகிட்ட இருக்குதுங்க. காலையில தொடச்சுப் பொட்டு வெச்சு, உங்க ஸ்பேனரோட பூஜையில வெச்சுட்டனுங்க.”

“கம்ப்யூட்டரையே தூக்கி வெக்காம உட்டயே. எடுத்து மாட்டு.”

“நாளைக்குப் பூஜை முடிச்சுத்தானுங்க எடுக்கோணும். அத்தை திட்டுவாங்க.”

“அம்மாகிட்டக் குடு.”

சங்ககிரி தாண்டும்போது தாயின் குரல் வந்தது. “பூஜையில வெச்சத இன்னைக்கே எடுக்கறதா சாமி? அப்பனுக்கு ஆபரேஷன் வேற. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?”

“அப்பாவோட ரிப்போர்ட்டே அதுக்குள்ளதானம்மா இருக்குது.”

லைன் இருக்கிறதா என்று அவர் திரையைப் பார்த்தார்.

“நாளைக்குக் காட்டற கற்பூரத்த இப்பவே காட்டிப்போடறேன் சாமி. அப்புறம் எடுத்துக்கட்டும்.”

ஸ்பீக்கரில் மணிச் சத்தம் கேட்டது. அது நின்றது. பிறகு மனைவியின் குரல், மெதுவாக:

“மாட்டிட்டனுங்க. இருங்க... ரிப்போர்ட்டுல மாமா பேரு தெரியுதுங்க.”