ஏழாவது கடுதாசி

தேத்தண்ணிக்குச் சீனி காணாது.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேனுகா இடக்கையால் போட்ட சீனியில் பாதி மேசையில் கொட்டியிருந்தது. கஷ்டப்பட்டு ஊற்றித் தந்த தேத்தண்ணியில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை சொல்லாத பெண் என்று ஊரில் எனக்குப் பெயர். சாமித்தம்பியோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியதற்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

எழுத்தில் என்றால் கதை வேறு. சீனி குறைவு என்று மட்டும் இந்த இரண்டு வருடத்தில் பதினொரு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட என் பெயரில் இல்லை.

என் பெயர் கண்ணகை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் நான்தான். இருபத்திரண்டு பெண்கள் அரிசி ஊறவைத்து, மில்லில் அரைத்து, விறகடுப்பில் வறுத்து, இடியப்ப மாவாகவும் புட்டு மாவாகவும் பைக்கற்றில் அடைக்கிறோம். சங்கத்தில் எழுதத் தெரிந்தவர் பலர். எழுத விரும்பியவள் நான் ஒருத்தி. பிழை அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் வந்து எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தது. சுவரில் கட்டிய துணியில் ‘வேலையும் வீடும்: பெண்களுக்கான சமநிலை’ என்று எழுதியிருந்தது. எங்கள் பெண்கள் கதிரையில் நிமிர்ந்திருந்தபடி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். அந்த மாதம் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு அது மட்டும்தான். அந்த வகையில் பயிற்சி வெற்றி.

போகும்போது நீலநிறப் பெட்டி ஒன்றைத் தந்தார்கள். முறைப்பாட்டுப் பெட்டி. பூட்டின் திறப்பு என்னிடம். பெட்டியின் முகப்பில் ஒட்டுவதற்கு விதி ஒன்று தேவைப்பட்டது. நானே எழுதினேன்: ‘முறைப்பாடுகளை அவரவர் தம் கையாலேயே எழுத வேண்டும். பிறர் எழுதியவை ஏற்கப்படா.’ ‘ஏற்கப்படா’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

முதல் மாதம் பெட்டி வெறுமை. குறை இல்லாமல் இல்லை. கிணற்றடியில் அரிசி கழுவும்போது குறையெல்லாம் தண்ணீரோடு தண்ணீராக ஓடும். ஆனால் பெட்டிக்குள் போடச் சொன்னால், “என்னகா, பெட்டிக்குக் காது கேக்குமா?” என்று சிரிப்பார்கள்.

நிறுவனத்திலிருந்து மாதாமாதம் வருகிற பர்ஸானா மிஸ் ஏறாவூர்ப் பிள்ளை, நல்ல பிள்ளை. வெறும் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. “ஒண்டும் வரல்லையெண்டா பொம்புளையள் வாய் திறக்கப் பயப்புடுறாங்க எண்டுதான் மேல எழுதுவாங்க அக்கா. அஞ்சாறாவது வரணும். வந்ததைத் தீர்த்தும் வைக்கணும்.”

அடுத்த மாதம் ஆறு வந்தன.

ஆறையும் எழுதியவள் நான். தேத்தண்ணிக்குச் சீனி கூட்ட வேண்டும், பை கொழுவ ஆணி வேண்டும், கக்கூசுக் கதவுக்குக் கொளுக்கி வேண்டும். எல்லாம் உண்மையான குறைகள், எல்லாம் ஒரு கிழமையில் தீர்க்கக்கூடியவை. சீனி கூடியது, ஆணி அடிக்கப்பட்டது, கொளுக்கி வந்தது. யாருக்கு என்ன நட்டம்? கேட்டு எழுதினாலும் கேளாமல் எழுதினாலும் கொளுக்கி ஒன்றுதானே.

கையெழுத்துகளை லீவுக் கடிதங்களிலிருந்து பழகினேன். ஒருத்தியின் ‘ழ’ வால் நீட்டி அடுத்த வரியை மிதிக்கும். இன்னொருத்தி புள்ளி வைக்கமாட்டாள். மில்லில் மா அரைக்கிற மேனுகா உயர்தரம் படித்தவள். அவளுடைய எழுத்து காற்றில் சாய்ந்த நெற்கதிர்போல ஒரே பக்கமாகச் சாயும். அதைப் பிடிக்க எனக்கு மூன்று பின்னேரம் எடுத்தது. பிடிபட்ட அன்று நான் பாட்டு முணுமுணுத்தேனாம். சாமித்தம்பி, “என்ன, சங்கத்தில சம்பளம் கூட்டிட்டாங்களா?” என்று கேட்டார்.

ஒரு தரம் புள்ளி வைக்காதவளின் எழுத்தில், ‘வீட்டிலும் அடுப்பு, இங்கும் அடுப்பு, நடுவில் குந்த ஓர் இடம் தாருங்கள்’ என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அது அவளுடைய குறை அல்ல, என்னுடையது என்று தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில், இன்னொருத்தியின் பெயரில், புள்ளியில்லாமல் அழுதிருக்கிறேன். முறைப்பாடு ஏற்கப்பட்டு ஒரு வாங்கு வாங்கிப் போட்டோம். அதில் அதிகம் குந்தியவள் செயலாளர்தான்.

வந்த முறைப்பாடு அனைத்தும் தீர்த்த சங்கம் என்று எங்களுக்குப் பெயர் வந்தது. மாவட்ட விருதுக்குத் தெரிவானோம். இந்த வருடம் பங்குனி கடைசியில், விருதுக்காரர் பார்க்க வரும் கிழமை, பெட்டியைத் திறந்து கடிதங்களை எண்ணினேன். நான் போட்டது ஆறு. உள்ளே ஏழு இருந்தது.

பெற்றவள் பிள்ளைகளை எண்ணும்போது ஒன்று கூடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. திரும்ப எண்ணினேன். ஏழுதான்.

ஏழாவது மேனுகாவின் எழுத்து. என் மேனுகா அல்ல, அவளே எழுதியது. என்னுடையதைவிடச் சாய்வு கொஞ்சம் குறைவு என்பதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகுதான் வாசித்தேன். ‘மில்லின் பெல்ட்டுக்கு மேலிருந்த தகர மூடி கழன்று மூன்று மாதமாகிறது. போன கிழமை என் தோளில் கிடந்த சோல் பிடிபட்டுக் கிழிந்தது. பிள்ளைக்கு இரவில் பால் கொடுப்பதால் பின்னேரத்தில் எனக்குக் கண் சொருகுகிறது. மூடியைப் போட்டுத் தாருங்கள். அதுவரை என்னைக் காலை நேரத்தில் மட்டும் மில்லில் விடுங்கள்.’

நல்ல கடிதம். நான் எழுதிய எதிலும் இப்படி ஒரு வரி இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மில் திருத்துகிற காத்தான்குடி றிஸானுக்குப் போன் எடுத்தேன். மூடி செய்து மாட்ட மில் இரண்டு நாள் நிற்க வேண்டும் என்றான். சித்திரை வருடப்பிறப்புக்கு மா கேட்டுக் கடைக்காரர் வரிசையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை விருதுக்காரர் வருகிறார்கள். தீர்க்காத முறைப்பாடு ஒன்றை அவர்கள் முன் எப்படி வைப்பது? வருடப்பிறப்பு முடியட்டும் என்று நினைத்தேன். கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் அல்ல. நாலாய் மடித்து என் கைப்பையில் வைத்தேன். அவள் எழுதியதற்கு மரியாதையாக, அவள் எழுத்திலேயே சின்னதாய் ஒன்று எழுதிப் பெட்டியில் போட்டேன்: ‘மில் சத்தம் காதை அடைக்கிறது. காதுக்குப் பஞ்சு தந்தால் உதவி.’

பஞ்சை என் சொந்தக் காசில் வாங்கினேன். முதல் உருண்டையை நானே உருட்டி மேனுகாவின் கையில் வைத்தேன். அவள் பஞ்சைப் பார்த்தாள், பிறகு பெல்ட்டைப் பார்த்தாள். மூடி பின்னால் வரும் என்று நினைத்திருப்பாள். வாயால் கேட்கவில்லை. பெட்டியில் போட்டதை வாயால் கேட்கக்கூடாது என்று நாங்கள்தான் படிப்பித்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை விருதுக்காரர் பஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த செவ்வாய், பின்னேரம் மூன்றரை. வறுக்கிற இடத்திலிருந்து மூன்று பேர், “சோல், சோல்” என்று கத்தினார்கள். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. மேனுகாவின் காதில் பஞ்சு. சோல் இழுபட்ட பிறகுதான் திரும்பினாள். அதை விடுவிக்க வலக்கையை நீட்டினாள். சுவிட்சை அணைத்தது நான். அறிக்கையில் அதைத் தனி வரியாக எழுதினேன். கை மணிக்கட்டோடு போயிற்று.

பத்தாம் நாள் தொழில் கந்தோரிலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். மேனுகா அப்போது ஆஸ்பத்திரியில். மூடியைப் பற்றி யாராவது முறைப்பாடு செய்தார்களா என்று கேட்டார்கள். பெட்டி இருக்கிறது, திறந்து பாருங்கள் என்றேன். உள்ளே ஒரு கடிதம் இருந்தது. ‘மூடி போட்டால் மா அள்ளும் கைக்குத் தடையாக இருக்கிறது. மூடி இல்லாமலே வேலை செய்ய அனுமதி தாருங்கள்.’ சாய்ந்த எழுத்து. லீவுக் கடிதங்களோடு வைத்துப் பார்த்து, ஒரே கைதான் என்றார்கள். சங்கத்தின் மீது பிழை இல்லை, அவளுக்கு நட்டஈடும் இல்லை என்று முடிந்தது.

இன்றைக்கு இரண்டு அப்பிளும் ஒரு மாப்பால் பைக்கற்றும் வாங்கிக்கொண்டு அவளை வீட்டில் பார்க்க வந்தேன். பிள்ளை பாயில் தூங்கியது. வலக்கைச் சட்டையின் முனையை அவள் மடித்து ஊசி குத்தியிருந்தாள்.

“நான் அப்பிடி எழுதல்ல அக்கா,” என்றாள். “மூடி போடச் சொல்லித்தான் நான் எழுதின. என்ட எழுத்து மாதிரியே இருக்காம். எனக்கு விளங்குதில்ல.”

விளங்கிய ஒருத்தி எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம், மில் நின்ற பிறகு, அந்த வாங்கில் குந்தியிருந்து, ஒரே மூச்சில். திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. கை அவ்வளவு பழகியிருந்தது. இருபத்தொரு பெண்களின் பிழைப்பு அந்தச் சங்கத்தில் இருக்கிறது என்பதற்காக எழுதினேன். விருதும் இருந்தது. இரண்டில் எது முன்னால் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள்.

“காசு கிடைக்காட்டியும் பரவால்ல,” என்றாள் மேனுகா. “அவள் கேட்டு வாங்கின வினை எண்டு ஊரில கதைக்கிறாங்க. என்ட மாமி முகத்துக்கு நேரயே சொல்லுறா. நாளைக்கு இந்தப் புள்ளையும் கேக்கும், ‘அம்மா, நீங்களாத்தானா கேட்டீங்க’ எண்டு. அது மட்டும் இல்லாமப் போனாக் காணும். விசாரிச்ச ஆக்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பி எழுதிக் குடுக்கலாமாம். நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க அக்கா. கீழ இடக்கைப் பெருவிரல் வைக்கிறன்.”

உயர்தரம் படித்தவள், பெருவிரல் வைக்கிறேன் என்று கொஞ்சம் சிரித்தாள்.

“பைக்குள்ள பேனை இருக்குத்தானே?”

பையைத் திறந்தேன். பேனை இருந்தது. அதன் பக்கத்தில் நாலாய் மடித்த ஏழாவது கடுதாசியும் இருந்தது. மூலையில் கொஞ்சம் மா ஒட்டியிருந்தது. பையை மூடினேன்.

“சரிவராது புள்ள,” என்றேன். “முறைப்பாடு அவரவர் கையாலதான் எழுதணும். மத்தவங்க எழுதினா ஏற்கமாட்டாங்க.”

அவள் தன் சட்டை முனையைப் பார்த்தாள். “ஓம் அக்கா,” என்றாள். “பெட்டியில ஒட்டியிருக்கு. பாத்திருக்கன்.”

அவளுக்கு நான் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. விசாரணை முடிந்த அடுத்த நாள் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போய், இனி இன்னொருவர் பெயரில் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று நேர்த்தி வைத்துவிட்டு வந்தேன். யார் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் அதை மீறுவதாக இல்லை. இந்த ஒன்றிலாவது நேர்மையாக இருந்துவிடுவோம் என்ற திருப்தியோடு, சீனி காணாத அந்தத் தேத்தண்ணியைக் குறை சொல்லாமல் குடித்து முடித்தேன்.