ஐம்பத்தோராவது ஆள்

இல்ல யூசுப் பாய், நூறு பேரெல்லாம் இல்ல. யாரோ உங்ககிட்ட கூட்டிச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு அரையிறுதிக்கு முவைலா கிரவுண்டுல ஐம்பத்தோரு பேரு. எண்ணிச் சொல்லுதேன், கேளுங்க. ரெண்டு டீமும் சேந்து உள்ள இருபத்திரெண்டு. வெளிய உக்காந்திருந்தது எங்க பக்கம் நாலு, மலையாளப் பசங்க பக்கம் அஞ்சு. ரெஃப்ரி ஒண்ணு, கொடி பிடிக்கிறவங்க ரெண்டு. எங்க கேம்ப் பாஸ் ரெங்கராஜ். தண்ணி கொண்டுவந்த டிரைவர் காதர் மைதீன். வேடிக்கை பாக்க பதினாலு. ஸ்கோர் எழுத நான். ஆச்சா? ஐம்பத்தொண்ணு.

அட, நிக்கீங்களே. அந்தக் கட்டில்லயே உக்காருங்க. அது ஜெயசீலன் கட்டில்தான். அவனுக்கு சைட்ல ஓவர்டைம், பஸ் வர ஏழாகும். சுலைமானி டீ போடவா? வேண்டாமா, சரி. நானும் இப்பத்தான் ஸ்டோரப் பூட்டிட்டு வாறேன். கால கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்கிடுதேன், தப்பா நினைக்காதீங்க. நாள் பூரா நின்னா இப்பல்லாம் வீங்கிருது.

நாளைக்கு ஆளெடுப்புன்னு தெரியும் பாய். எட்டு கம்பெனியும் ஒக்காந்து, வரிசைப்படி ஆளுக்கொரு பேரு சொல்லுவீங்க. சீட்டு குலுக்கினதுல உங்க கம்பெனிக்கு மூணாவதாமே. நீங்க ஜெயசீலன் பேரு சொன்னா அவனுக்குக் கம்பெனி மாற ரிலீஸ் பேப்பர், உங்க குடோன்ல டியூட்டி, வெள்ளிக்கிழமை கால்பந்து. யாரும் சொல்லலேன்னா அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது. எங்க கம்பெனி இவனப் புதுப்பிக்கல. பிளேன் ஏற வேண்டியதுதான். அதனாலதான் பாத்துப் பாத்துப் பேசுதேன்.

ஆட்டமா? நோட்டப் பாக்கவே வேண்டாம். இந்த சீசன் ஏழு ஆட்டம், ஒம்பது கோல். இடது கால்ல ஆறு, வலது கால்ல ரெண்டு, தலையால ஒண்ணு.

ஆமா, காலேஜுல ரெண்டும் ஆடினவன். பாளையங்கோட்டையில காலையில பந்து, சாயந்திரம் கபடி. ரெண்டும் ஆடுறவன் ஒண்ணுலயும் தேறமாட்டான்னு நினைக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க. கபடி பாடிப் போன உடம்பு பாய் அது. ஓடுற ஓட்டத்துல டக்குனு நிப்பான், எதிராளி அவனத் தாண்டி ரெண்டடி போயிருப்பான். குறையும் உண்டு, மறைக்கல. பந்தப் பறிச்சுத் தட்டிட்டா அப்படியே திரும்பி நடுக்கோட்டப் பாத்து ஓடுவான். ஆளத் தொட்டாச்சு, கோட்டத் தொட்டுரணும்ங்கிற பழக்கம். முதல் ரெண்டு ஆட்டத்துல மூணு தடவ ஓடுனான். எதிர் டீம்காரனே விழுந்து விழுந்து சிரிச்சான். மூணாவது ஆட்டத்துலேருந்து அது இல்ல. சொன்னா திருத்திக்கிடுவான்.

குணம்.

அதக் கேக்கத்தான் வந்தீங்கன்னு வாசல்ல செருப்பக் கழட்டும்போதே தெரியும். கமிட்டி பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னும் தெரியும். வெளிய எடுத்த ஆளு, அனுமதி இல்லாம திரும்ப உள்ள நுழைஞ்சான், ஒழுங்கு கிடையாது. அரையிறுதி ஆட்டம், அப்படியே எதிர் டீமுக்குக் குடுத்துட்டாங்க. அன்னையிலேருந்து ரெங்கராஜ் இவன தலக்கனம் பிடிச்சவன்னுதான் சொல்லுதாரு. மெஸ்ஸுல பசங்க, வாங்க சார், இன்னைக்கு எந்த வழியா நுழையப் போறீங்கன்னு கேலி. இவன் சிரிச்சிட்டுத் தட்டத் தூக்கிட்டுப் போயிருவான்.

பொங்கலுக்கு கேம்ப்புக்குள்ள கபடி வச்சோம். டிசம்பர்ல தோஹாவுல ஆசியப் போட்டி நடந்ததப் பாத்த ஆசை, எல்லாருக்கும். அதுல நடுவர் கண்ணுல படாத தொடுகை ரெண்டு. ரெண்டு தடவையும் இவனே கையத் தூக்கிட்டு வெளிய போனான். எங்க டீம்தான், எனக்கே கொஞ்சம் கோவம் வந்துச்சு. நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்.

நானா? அஞ்சாங் கிளாஸு பாய். ஊர்ல இருபத்திரெண்டு வருஷம் கபடிக்குப் புள்ளி எழுதினவன். பந்தாட்டமெல்லாம் இங்க வந்து பாத்ததுதான். கணக்கு பிசகாம எழுதுவாருன்னு சொல்லி நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. கபடியில எப்படி, எதிராளி ஒருத்தன் அவுட்டானா, வெளிய உக்காந்திருக்கிற நம்ம ஆளு ஒருத்தனுக்கு உசுரு. எந்திரிச்சு உள்ள போயிரலாம். பந்துல அது கிடையாது. வெளிய வந்தா வந்ததுதான். தெரியும் எனக்கு. இப்ப நல்லாவே தெரியும்.

அன்னைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு, ஒம்பது நிமிஷம் பாக்கி. இவனுக்குக் கெண்டைக்கால் பிடிச்சு, வெளிய எடுத்து, வேற ஆளப் போட்டாச்சு. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். எதிர் மூலையில அவங்க ஆளு ஒருத்தனுக்கு சிவப்பு அட்டை. தள்ளுமுள்ளு, சத்தம், எல்லாக் கண்ணும் அங்கதான். எதிர் டீம்ல ஒண்ணு வெளியன்னு நோட்டுல எழுதினேன். எழுதின கையோட இவன் தோளத் தட்டி, உள்ள போடா தம்பின்னேன். அண்ணாச்சி, நான் வெளிய வந்தாச்சேன்னான். கணக்கு எனக்குத் தெரியாதா, போன்னேன்.

போனான்.

ஆமா பாய், நான்தான். கமிட்டியில யாரு அனுப்புனதுன்னு கேட்டாங்க. நானாத்தான் போனேன்னுட்டான். நான் நோட்ட மாருல அணைச்சிட்டு ரெண்டடி தள்ளி நிக்கேன். நாலு பேரு இருக்கிற இடத்துல எனக்குப் பேச்சு வராது, சின்னதுலேருந்தே அப்படி. ரூமுக்கு வந்து, ஏன்டா சொல்லலேன்னு கேட்டேன். விடுங்க அண்ணாச்சி, சொல்லியிருந்தா அந்த நாற்காலியில இனி யாரு உக்காருவான்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டான். பெரிய ஆளு சொன்னா தப்புன்னு தெரிஞ்சும் தட்டமாட்டான். குறைன்னு எழுதணும்னா அத எழுதுங்க.

என் பேரு அம்மையப்பன், ஸ்டோர் கீப்பர். எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுதேன். கூப்பிட்டா நாளைக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுதேன். வேற சாட்சி தேடாதீங்க. ஐம்பத்தோரு பேருல நாப்பத்தொம்பது பேரு அந்த மூலையப் பாத்துட்டு இருந்தாங்க. இவன் சொல்லமாட்டான், கேட்டுப் பாருங்க. அவனையும் கழிச்சிருங்க.

மிச்சம் ஒண்ணு.